விரைமெலியர் இயல்: திண்டிவனத்து உரையும் விழுப்புரத்து உரையும்

முந்தி அடித்தலும் முழுதுற அடித்தலும்
பட்டால் வீழ்தலும் பண்பெனப் பெற்றது
விரைமெலி யென்ப விளையாட் டறிந்தோர்.

நூற்பா என் சொந்தச் சரக்கு. ஏட்டுச்சுவடியில் தேடி யாரும் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இதன் பொருள்: எதிரிக்கு முன்னால் கை ஓங்க வேண்டும், ஓங்கிய கை ஒரே அடியில் ஆளைச் சாய்க்க வேண்டும், திருப்பி ஒன்று வாங்கினால் தானே சாய்ந்துவிட வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே உடைய போராளியே விரைமெலி என்றவாறு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேறு குடும்பம். வேகம் இருந்து அடி இல்லாதது தூதுவன். அடி இருந்து வேகம் இல்லாதது மரம் வெட்டி. மூன்றும் இல்லாதது நண்பர் வற்புறுத்தலால் அணியில் சேர்க்கப்பட்டது.

களம், போக்கிமான். 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம் பாய் கருவிக்கு வந்த சிவப்பு, பச்சை என்னும் இரண்டு கேசட்டுகளில் தொடங்கியது இந்தக் குலம். விளையாடாதவர்க்குச் சுருக்கமாகச் சொன்னால்: இருவரும் தத்தம் மிருகத்துக்கு ஒரே நேரத்தில், மற்றவர் அறியாமல், கட்டளை இடுவார்கள். எந்த மிருகத்தின் வேக எண் பெரிதோ அதன் கட்டளை முதலில் நிறைவேறும். முதல் அடியிலேயே எதிரி விழுந்துவிட்டால் எதிரிக்கு இட்ட கட்டளை செல்லாக்காசு. ஆகவே விரைமெலிக்குக் கேடயம் என்று தனியே ஒன்று கிடையாது. எதிரியின் பிணமே அதன் கேடயம்.

எடுத்துக்காட்டு, அலக்கசாம். நீண்ட மீசை, இரண்டு கையிலும் இரண்டு கரண்டி, பந்தியில் பரிமாற வந்த சித்தப்பா போன்ற தோற்றம். ஆனால் அடிப்படை எண்களைப் பாருங்கள்: உயிர் 55, தற்காப்பு 45, சிறப்புத் தாக்குதல் 135, வேகம் 120. தற்காப்பு எண்ணில் 200 தாண்டியவர்களும் உலவுகிற உலகில் 45 என்பது வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு போருக்குப் போவது.

இக்குலத்துக்கு ஒரு பொற்காலம் இருந்தது. முதல் தலைமுறை ஆட்டத்தில் வேகம் உள்ளவனுக்கே குருட்டடியும் அமைந்தது. கூட்டிய தற்காப்பைத் துளைத்துக்கொண்டு ஏறக்குறைய இரட்டிப்பாக இறங்கும் அந்த அடி கிடைக்கும் வாய்ப்பை, மிருகத்தின் அடிப்படை வேகத்தை 512-ஆல் வகுத்தே கணக்கிட்டார்கள். அலக்கசாமுக்கு 120-ஐ 512-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 23 தடவைக்கு மேல். போதாக்குறைக்குச் சிறப்புத் தாக்குதலும் சிறப்புத் தற்காப்பும் அன்று ஒரே எண். ஆகையால் 135 அடிக்கவும் உதவியது, தாங்கவும் உதவியது. 1999-இல் வந்த இரண்டாம் தலைமுறை குருட்டடியை வேகத்திலிருந்து பிரித்தது. அந்த ஒற்றை எண்ணையும் இரண்டாக உடைத்தது. அலக்கசாமுக்குச் சிறப்புத் தாக்குதலில் 135 தங்கியது, சிறப்புத் தற்காப்பு 85 ஆனது. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு வந்த ஜமீன்தார்கள் என்று இன்றைய விரைமெலியரைக் கருதலாம்: பெயர் இருக்கிறது, நிலம் போய்விட்டது.

இவ்வியலுக்கு உரைகாரர் இரு திறத்தார், திண்டிவனத்தாரும் விழுப்புரத்தாரும். பதிவு பெற்ற சங்கம் எதுவும் கிடையாது, பிரித்தது நானே. ஆயினும் ஊரின் இயல்பு உரையில் படிவது வியப்பில்லை. திண்டிவனம் சாலையால் ஆன ஊர். சென்னை, திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலை என்று எல்லாத் திசைப் பேருந்தும் இன்ஜினை அணைக்காமல் நிற்கும். ஏறுகிறவன் ஓடி ஏற வேண்டும். எனவே திண்டிவனத்து உரை வேகமே தலை என்னும். விழுப்புரமோ தண்டவாளத்தால் ஆன ஊர். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து வழி கூடும் சந்திப்பு. அங்கே வேகத்தால் ஒரு பயனும் இல்லை. எந்த வண்டியில் இறங்கி எந்த வண்டிக்கு மாறுவது என்பதே கல்வி. எனவே விழுப்புரத்து உரை மாற்றமே தலை என்னும்.

இரு ஊருக்கும் நடுவே ஓடும் பாசஞ்சர் வண்டியில் இரு கொள்கையையும் சோதிக்கலாம். இரண்டு பக்கமும் விரைமெலி அணி என்றால், திண்டிவனத்தில் தொடங்கிய ஆட்டம் மயிலம் வருமுன் முடிந்து ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். இரண்டு பக்கமும் எவ்வளவு அடித்தாலும் தாங்கி நிற்கும் சுவர் அணி என்றால் பேரணி போகும், விக்கிரவாண்டி போகும், முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையும் போகும். விழுப்புரத்தில் இறங்கி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு தொடர வேண்டியிருக்கும்.

இனி வகை.

வாழும் வகையால் வகுத்தல் இலவே
வீழும் வகையே வேறுபா டாகும்.

பிற மிருகங்களைத் தீ, நீர், புல் என்று பிறப்பால் வகுப்பர். விரைமெலியரை அவ்வாறு வகுத்தல் வீண். வெற்றி பெறும்போது எல்லா விரைமெலியும் ஒன்றே: முந்தியது, அடித்தது, முடித்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று வேறுபடுவது சாவில் மட்டும். ஆகவே சாவைக் கொண்டு வகுத்தோம்.

முதலாவது, முந்தப்பட்டுச் சாவது. இதுவே ஆதி வகை. போட்டிகளில் எல்லா மிருகமும் 50-ஆம் படிக்குச் சமப்படுத்தப்படும். அங்கே விரைமெலியர்க்கு முழுப் பயிற்சியும் வேகத்துக்கு ஏற்ற சுபாவமும் கொடுத்தால் வேக எண் கெங்காருக்கு 178-இல் நிற்கும், அலக்கசாமுக்கு 189-இல், வீவைலுக்கு 194-இல். 194-க்கும் 189-க்கும் இடையே உள்ள ஐந்தால் என்ன பயன்? முந்துதல். 194-க்கும் 100-க்கும் இடையே உள்ள 94-ஆல் என்ன பயன்? அதே முந்துதல், காலணா கூடக் கிடையாது.

ஒன்று மிகினும் உறுபயன் ஒன்றே
நூறு மிகினும் நூறுபயன் இன்றே.

இந்த உண்மையை உள்வாங்கி வடிக்கப்பட்டது கார்ச்சோம்ப். அது விரைமெலி அன்று, நல்ல தடித்த உடம்பு. ஆனால் அதன் அடிப்படை வேகம் 102. ஏன் 102? அடிப்படை வேகம் 100 என்னும் எண்ணில் பெருங்கூட்டம் நிற்கிறது. 50-ஆம் படியில் அந்தக் கூட்டம் 167-ஐத் தொடும். கார்ச்சோம்ப் 169-ஐத் தொடும். இரண்டே எண், ஒரு கூட்டமே பின்னால். எண்ணை எழுதியவர் சந்தையில் தராசு பிடித்த அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். அந்தக் கார்ச்சோம்பின் கழுத்தில் சாய்ஸ் ஸ்கார்ஃப் என்னும் துண்டைக் கட்டிவிட்டால் வேகம் ஒன்றரை மடங்காகி 253 ஆகும். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப இட வேண்டும் என்பது துண்டின் நிபந்தனை. 194-ஐ நம்பி நின்ற வீவைல், துண்டு கட்டிய தடியனிடம் முந்தப்பட்டுச் சாகும். இதைத் திண்டிவனத்தார் விபத்து என்பர். விழுப்புரத்தார் கணக்கு என்பர். இங்கே விழுப்புரத்தார் சொல்வதே சரி.

இரு பக்கமும் ஒரே எண் என்றால் என் செய்வது? இயந்திரம் காசு சுண்டும். அலக்கசாமுக்கு எதிர் அலக்கசாம் என்பது ஆட்டமன்று, லாட்டரி. அதைத் தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டார்கள், மேலே செல்வோம்.

இரண்டாவது, முறை தவறி வந்த அடியால் சாவது. வேக எண்ணை மதிக்காமல் வரிசையைத் தாண்டி வரும் சில அடிகள் உண்டு. சிசர் என்னும் செவ்வண்டின் அடிப்படை வேகம் 65, சோம்பேறி. ஆனால் அதன் புல்லட் பஞ்ச் வழக்கமான அடிகளுக்கெல்லாம் முன்னே இறங்கும். அதன் சொந்தப் பலம் 40தான். தன் இனத்துக்குரிய அடி என்பதால் ஒன்றரை மடங்கு, சின்ன அடிகளைப் பெரிதாக்கும் டெக்னீஷியன் திறனால் இன்னொரு ஒன்றரை மடங்கு, பனி இனத்தின் மேல் எஃகு விழுவதால் இரண்டு மடங்கு. 40 என்று புறப்பட்டது வீவைலின் மேல் விழும்போது 180 ஆகிவிடும். க்யூ வரிசையில் விடியற்காலை நான்கு மணிக்கே வந்து நின்றவருக்கு முன்னால், உள்ளே ஆள் தெரிந்தவர் டோக்கன் வாங்கிப் போவதைப் பார்த்தவர்கள் இவ்வகைச் சாவை எளிதில் உணர்வார்கள்.

இவற்றுள் சக்கர் பஞ்ச் தனிச் சிறப்புடையது. எதிரி தாக்கினால் மட்டுமே அது பலிக்கும். எதிரி தாக்காமல் வேறேதும் செய்தால் வீணாகும். ஆகவே விரைமெலி தன் தொழிலைச் செய்தால் சாகும். செய்யாமல் நின்றால் பிழைக்கும். அடிப்பதற்கென்றே பிறந்ததை அடிக்காதே என்று நிறுத்திவைக்கும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு உண்டு? எதிரில் இருப்பவர் அதையும் ஊகித்து, தானும் அடிக்காமல் நிற்பார். இரண்டு கைபேசிகளில் இரண்டு பேர் ஒன்றும் செய்யாமல் வியர்த்துக்கொண்டிருக்கும் காட்சி இவ்விளையாட்டின் உச்சம் என்பது என் கருத்து.

மூன்றாவது, வாசற்படியில் சாவது. இதை விரித்துரைப்பாம்.

அடிபடா நுழைவே அரையடி யாகும்.

ஆட்டத்தின் நடுவே ஒரு மிருகத்தைத் திரும்ப அழைத்து மற்றொன்றை இறக்கலாம். ஆனால் இறங்குகிற மிருகம் அந்தச் சுற்றில் எதிரியின் அடியை வாங்கிக்கொண்டுதான் இறங்கும். சுவர் போன்றவை வாங்கிக்கொள்ளும். விரைமெலி எப்படி வாங்கும்? ஆகவே அது நுழைய மூன்றே வழி. தன் அணியில் ஒன்று இறந்த இடத்தில் நுழைவது, முதல் வழி. யூ-டர்ன் போல அடித்துவிட்டுத் திரும்பும் கட்டளையை மெதுவாக ஓடும் துணை மிருகத்துக்கு இட்டு, எதிரியின் அடியை அது வாங்கிய பின் நுழைவது, இரண்டாம் வழி. தனக்குப் பலிக்காத அடியை எதிரி ஓங்கும்போது அதை ஊகித்து நுழைவது, மூன்றாம் வழி. மூன்றாவதில் மன்னன் கெங்கார். பேயினம் ஆகையால் சாதாரண அடியும் மல்லர் அடியும் அதைத் தொடா. மூன்றாம் தலைமுறை தொட்டு 2016-இல் ஏழாம் தலைமுறை வரும்வரை அது மிதந்துகொண்டும் இருந்ததால் நில அதிர்ச்சியும் தொடவில்லை. எதிரி பூமி பிளக்கும் கட்டளை இட்ட கணத்தில் கெங்காரை இறக்கியவர், ஒரு சுற்றை இலவசமாகப் பெற்றார். இந்த வித்தையில் விழுப்புரத்து உரையை யாரும் மிஞ்ச முடியாது.

இதற்கெதிராக எழுந்ததே ஸ்டெல்த் ராக். எதிரியின் வாசலில் கற்களை மிதக்கவிடுவது. உள்ளே வருகிற ஒவ்வொன்றின் மேலும் கல் படும். பாறைக்கு எவ்வளவு அஞ்சும் இனமோ அவ்வளவு அடி. நிஞ்சாஸ்க் என்னும் சிள்வண்டின் அடிப்படை வேகம் 160. பூச்சியும் பறவையும் கலந்த பிறப்பு. இரண்டும் பாறைக்கு ஆகாதவை. வாசலில் கால் வைத்ததுமே பாதி உயிர் போகும். இரண்டாம் முறை வந்தால் மீதிப் பாதியும் போகும். அதைவிட வேகமாக ஓட ஓரிருவரே உள்ள களத்தில், ஓடத் தொடங்குமுன்னே அது சாகிறது.

நிஞ்சாஸ்கின் குடும்பக் கதை தனி. நின்காடா என்னும் புழு 20-ஆம் படியில் கூடுடைத்து நிஞ்சாஸ்க் ஆகும்போது, அணியில் காலியிடம் இருந்தால், கழற்றிய கூடே உயிர்பெற்று ஷெடின்ஜா என்னும் இன்னொரு மிருகம் ஆகும். ஷெடின்ஜாவின் உயிர் எப்போதும் ஒன்றே ஒன்று. வேகம் வெறும் 40. அண்ணனுக்கு வேகம், தம்பிக்கு மெலிவு என்று சொத்துப் பிரித்த விதம். தம்பியையும் விரைமெலியருள் சேர்க்கலாமா என்று வினவுவார் உளர். சேர்க்கலாகாது. மெலிவு மட்டும் போதும் என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேரைச் சேர்க்க வேண்டிவரும்.

நான்காவது, காலம் தலைகீழானபோது சாவது. ட்ரிக் ரூம் என்னும் மந்திரத்தை இட்டால் ஐந்து சுற்றுகளுக்கு மெதுவானது முந்தும், வேகமானது பிந்தும். சேர்த்த வேகமெல்லாம் பாவமாக மாறும். ஐந்தாவது, தன் கையால் சாவது: லைஃப் ஆர்ப் என்னும் உருண்டை அடியை 1.3 மடங்காக்கி, அடிக்கு அடி தன் உயிரில் பத்தில் ஒன்றை வாங்கிக்கொள்ளும். இதில் சொல்ல அதிகமில்லை. ஆறாவது, சாகாமலே சாவது: வாதம் பிடித்தல். ஆறாம் தலைமுறை வரை வேகம் கால்பங்காகவும், ஏழிலிருந்து அரைப்பங்காகவும் குறையும். அலக்கசாமுக்கு வாதம் வந்தால் கரண்டி மட்டும் மிச்சம்.

மேற்சொன்ன கற்கள், துண்டு, புல்லட் பஞ்ச், சக்கர் பஞ்ச், ட்ரிக் ரூம் அனைத்தும் 2006-இல் வந்த நான்காம் தலைமுறையிலேயே களம் புகுந்தவை. விரைமெலியர்க்கு அது ஊழிக்காலம். மருந்தும் அப்போதே வந்தது: முழு உயிரோடு இருக்கும்போது வீழ்த்தும் அடி விழுந்தால், ஒரே ஒரு உயிர் மிச்சம் வைத்துக் காக்கும் ஃபோக்கஸ் சாஷ் என்னும் கச்சை. ஆனால் வாசலில் ஒரு கல் பட்டால் உயிர் முழுதாக இராது. கச்சை வெறும் துணி. நோயும் மருந்தும் ஒரே கடையில், நோய் முதல் அலமாரியில்.

இரட்டையர் ஆட்டத்தில் மட்டும் இக்குலத்துக்கு ஒரு புகலிடம் உண்டு, மெய்க்காவலன். 2014-இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் கொரியாவின் சே ஜுன் பார்க், பாச்சிரிசு என்னும் அணிலை இறக்கினார். எல்லாரும் சிரித்த அணில். பக்கத்தில் நிற்பவனை நோக்கி வரும் அடிகளை என்மேல் போடு என்று தன்பக்கம் இழுத்துக்கொள்வதே அதன் வேலை. பார்க் கோப்பையோடு ஊர் திரும்பினார்.

ஏழாவது வகை எங்கள் மாவட்டத்துக்கே உரியது: சுவரை விட்டு வெளியேறிச் சாவது. இதற்கு எடுத்துக்காட்டு போக்கிமானில் இல்லை, செஞ்சியில் இருக்கிறது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை மதிலால் இணைத்த செஞ்சிக்கோட்டை, சுவர் வகையின் உச்சம். மராத்திய மன்னர் ராஜாராம் உள்ளே இருக்க, சுல்பிகார் கான் தலைமையில் முகலாயப் படை 1690-இல் முற்றுகை இட்டது. கோட்டை 1698-இல்தான் விழுந்தது. அதற்குள் ராஜாராம் நழுவிவிட்டார். எட்டு ஆண்டு ஆட்டம். எவ்வளவு நீண்ட பாசஞ்சர் வண்டியிலும் முடியாதது. அதே கோட்டையில் 1714-இல் தந்தை சொரூப் சிங்குக்குப் பின் பொறுப்பேற்றவன் தேஜ் சிங் என்னும் தேசிங்கு ராஜன். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கிக் கப்பம் கேட்டுப் படையோடு வந்தார். நவாபிடம் பல ஆயிரம் பேர். தேசிங்கிடம் சில நூறு குதிரைகள். வயது 22. கதைப்பாடல் அவன் குதிரையைப் பாராசாரி என்கிறது.

அவன் உள்ளே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அக்டோபர் மாதம், வராக நதியில் வெள்ளம்; வெள்ளத்தில் குதிரையை இறக்கிப் போனான் என்பார்கள். வாசற்படியிலேயே பாதி உயிர் போகும் வகைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்ததாகக் கதை சொல்லும் நண்பன் முகமது கான், மெய்க்காவலனாக நின்று முன்னே விழுந்தான். தேசிங்கு பகைவர் நடுவே பாய்ந்து குண்டடி பட்டு மாண்டான். வேகம் இருந்தது, அடி இருந்தது. துப்பாக்கி, முறை தவறி வந்த அடி.

விழுப்புரத்தார் இதைக் காட்டி, வாய்த்த சுவரைவிட்டு ஏன் இறங்கினாய் என்று கேட்பர். திண்டிவனத்தார் சும்மா இருப்பாரா? அதே சுவரை 1750-இல் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் பிடித்தானே, சுவர் மட்டும் சாசுவதமா என்பர். அதுவும் உண்மையே. ஆனால் தேசிங்கின் பிழை சுவரை விட்டதன்று; முதல் சுற்றிலேயே இறங்கியது. எட்டு ஆண்டு தாங்கிய மதில் இன்னும் எட்டு மாதம் தாங்கியிருக்கும். நவாபின் படை பசித்து, பிரிந்து, மழையில் நனைந்து, பாதியான பிறகு அந்தச் சில நூறு குதிரைகள் இறங்கியிருந்தால் கதைப்பாடல் வேறு ராகத்தில் முடிந்திருக்கும். விரைமெலி தொடக்கத்துக்கு உரியதன்று, முடிவுக்கு உரியது என்பது இவ்வியலாசிரியர் கொள்கை. இரு ஊராரும் மறுப்பர், மறுக்கட்டும்.

போருக்குப் போகுமுன் சிங்கவரத்துக் குடைவரையில் பள்ளிகொண்ட ரங்கநாதரிடம் தேசிங்கு விடை கேட்டான் என்றும், அன்று வேண்டாம் என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் ஊரில் சொல்வார்கள். போக்கிமானிலும் ஐந்தாம் தலைமுறை தொட்டு, போட்டி தொடங்குமுன் எதிரணியின் ஆறு முகங்களும் திரையில் வரும். இரட்டையர் ஆட்டத்தில் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க 90 நொடி தருவார்கள். எதிர்ப்பக்கம் சிசர் இருக்கிறதா, கல் வைக்கக்கூடியது எது, துண்டு யார் கழுத்தில் இருக்கக்கூடும் என்று எல்லாம் அங்கேயே எழுதியிருக்கும். தம்பிமார்களே, தங்கைமார்களே, மூன்றாம் நொடியில் பொத்தானை அழுத்தாதீர்கள். அந்த 90 நொடியையும் முழுசாகச் செலவழியுங்கள். அலக்கசாமைக் கடைசி இடத்தில் வையுங்கள்.